எம்சிஎஃப்-7 செல்களைக் கொன்றது, ஹெக்293 செல்களை விட்டுவைத்தது: இதைத் தெரிவுத்திறன் உள்ள புற்றுநோய் மருந்து என்று எழுதலாமா?

கரிமக்குடுவை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். சாலிசிலால்டிஹைடிலிருந்து பெற்ற ஷிஃப் கார ஈனிகளையும் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள்) 1,10-பினாந்த்ரோலினையும் தாமிர(II) அயனியோடு பிணைத்துச் சில அணைவுச் சேர்மங்களைத் தயாரித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றுக்குப் படிக அமைப்பும் கிடைத்துவிட்டது. எங்கள் துறையில் செல் வளர்ப்பு வசதி இல்லாததால், கட்டணம் செலுத்தி வெளி ஆய்வகம் ஒன்றில் எம்டிடி சோதனை (செல்கள் பிழைத்துள்ளனவா என்று நிறமாற்றத்தால் மதிப்பிடும் முறை) செய்து வாங்கினோம்.

24 மணி நேரச் சோதனையில் எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு ஐசி50 மதிப்பு (பாதிச் செல்களைத் தடுக்கும் செறிவு) ஏறத்தாழ 8 மைக்ரோமோலார், இயல்பான செல்லாக வைத்த ஹெக்293 செல்களுக்கு ஏறத்தாழ 60 மைக்ரோமோலார் என்று அறிக்கை வந்துள்ளது. அதே தட்டில் வைத்த சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு எம்சிஎஃப்-7 செல்களில் 30 மைக்ரோமோலாருக்குச் சற்று மேல். ஆக, தெரிவுத்திறன் குறியீடு (ஹெக்293 மதிப்பை எம்சிஎஃப்-7 மதிப்பால் வகுத்தது) 7-ஐத் தாண்டுகிறது. சிஸ்பிளாட்டினைவிட வீரியமும் அதிகம். செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் புரதத்தோடு டாக்கிங் (கணினியில் மூலக்கூறைப் பொருத்திப் பார்த்தல்) செய்ததில் பிணைப்பு ஆற்றலும் நன்றாகவே வந்தது. கட்டுரைத் தலைப்பில் "தெரிவுத்திறன் மிக்க புற்றுநோய் எதிர்ப்பு மருந்து வேட்பாளர்" என்று எழுதலாம் என்பது எங்கள் குழுவின் எண்ணம். செல் உயிரியல் தெரிந்தவர்கள் இந்த முடிவுகளை எப்படிப் படிப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

செல்தட்டு

படிக அமைப்பு கிடைத்ததற்கு வாழ்த்துகள். முதலில் ஹெக்293-ஐப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் குறியீடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஹெக்293 மனிதக் கருவின் சிறுநீரகத் திசுவிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபிராங்க் கிரஹாம் அந்தச் செல்களுக்குள் அடினோவைரஸ்-5-இன் டிஎன்ஏ துண்டுகளைச் செலுத்தியதால்தான் அவை முடிவின்றிப் பெருகும் தன்மையைப் பெற்றன. அந்த வைரஸின் ஈ1ஏ, ஈ1பி புரதங்கள், கட்டிகளைத் தடுக்கும் ஆர்பி, பி53 ஆகிய இரண்டு காவல் புரதங்களையும் முடக்கிவைக்கின்றன. நோய் எதிர்ப்பு குன்றிய எலிகளில் இச்செல்களைச் செலுத்தினால் கட்டி உருவாகும். அப்படிப்பட்ட செல் வரிசையைக் கட்டுரைகளில் "இயல்பான செல்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ, எலியிலிருந்து வந்த எல்929 ஆகியவற்றை மனித மார்பகப் புற்றுநோயோடு ஒப்பிடுவதும் இதே வகைதான்.

அடுத்தது திசுப் பொருத்தம். மார்பகப் புற்றுநோய்ச் செல்லுக்கு எதிரே சிறுநீரகச் செல்லை வைத்து எடுத்த விகிதம், புற்றுநோய்க்கும் இயல்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறதா, மார்பகத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. எம்சிஎஃப்-10ஏ என்ற, கட்டியாக மாறாத மார்பகத் தோலியச் செல் வரிசை இதற்கு ஓரளவு பொருந்தும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது குதிரைச் சீரம், இன்சுலின், ஹைட்ரோகார்ட்டிசோன், காலரா நச்சு, வளர்ச்சிக் காரணி எல்லாம் சேர்ந்த தனி ஊடகத்தில் வளரும். எம்சிஎஃப்-7 மாட்டுக் கருச்சீரம் சேர்ந்த எளிய ஊடகத்தில் வளரும். சீரப் புரதங்கள் தாமிரத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது வேதியியலாரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மருந்து செலுத்தும் நேரத்திலாவது இரண்டு செல்களுக்கும் சீரத்தின் அளவு ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலும் மூன்று கேள்விகள். சிஸ்பிளாட்டினை எதில் கரைத்தார்கள்? உங்கள் அணைவுச் சேர்மத்தின் நிறம் என்ன? பினாந்த்ரோலினை மட்டும் தனியாகச் சோதித்தார்களா?

பழைய நெறியாளர்

செல்தட்டு சொல்வதில் பிழை இல்லை. ஆனாலும் ஒரு கல்லூரி வேதியியல் துறையில் நடக்கும் வேலையின் அளவை உணர்ந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மாணவரின் பங்களிப்பு புதிய சேர்மங்களைத் தூய்மையாகத் தயாரித்ததும், அவற்றின் அமைப்பை ஐயமின்றி நிறுவியதும் ஆகும். செல் சோதனை என்பது "இதை மேலும் பார்க்கலாம்" என்று சொல்லும் முதல் வடிகட்டி மட்டுமே. அந்த வடிகட்டியில் பெரிய மருந்து நிறுவனத்தின் தரத்தை எதிர்பார்த்தால் நம் ஊரில் யாரும் இந்தத் துறைக்குள் நுழைய முடியாது.

சிஸ்பிளாட்டினே தற்செயலாகத்தானே கிடைத்தது? 1965-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாவின்மேல் மின்புலம் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனார். ஈ.கோலை பிரியாமல் நீண்ட இழைகளாக வளர்ந்ததற்குக் காரணம் மின்புலம் அல்ல, பிளாட்டினம் மின்வாய்களிலிருந்து கரைந்து வந்த சேர்மங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் அன்று இயல்பான செல் எது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நொதிவழி

ஐயா சொல்வது போல முதல் வடிகட்டியை முதல் வடிகட்டி என்றே எழுதினால் யாருக்கும் மறுப்பு இருக்காது. இங்கே கேட்கப்பட்டிருப்பது தலைப்பில் தெரிவுத்திறன் என்று எழுதலாமா என்பது. அந்தச் சொல்லுக்கு என்ன சான்று வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான முன்மாதிரி இமாட்டினிப் என்ற மருந்து என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. 1960-இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் கண்ட அந்தக் குட்டையான குரோமோசோமின் பிறப்பு இப்படிப்பட்டது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தால் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புப் புரதம் உருவாகி, அதன் டைரோசின் கைனேஸ் பகுதி (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) நிறுத்தமின்றி இயங்குகிறது. பேசல் நகரில் இருந்த சீபா-கைகி நிறுவனத்தில் யுர்க் சிம்மர்மன் முதலான வேதியியலாளர்கள் 2-ஃபினைல்அமினோபிரிமிடின் என்ற கட்டமைப்பிலிருந்து தொடங்கினார்கள். அது முதலில் புரதக் கைனேஸ்-சி என்ற வேறொரு நொதியைத் தடுப்பதற்காகக் கண்டெடுக்கப்பட்டது. அமைடு தொகுதி ஒன்றைச் சேர்த்தபோது டைரோசின் கைனேஸ்களைத் தடுக்கும் திறன் வந்தது. அனிலின் வளையத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தபோது, மூலக்கூறு திரும்பி நிற்கும் கோணம் மாறி, புரதக் கைனேஸ்-சி-யைத் தடுக்கும் திறன் அற்றுப்போயிற்று. பிறகு என்-மெத்தில்பிப்பரசின் சேர்த்துக் கரைதிறனை உயர்த்தினார்கள். தெரிவுத்திறன் இவ்வாறு நொதியின் மட்டத்திலேயே, ஒவ்வொரு தொகுதியாகச் சேர்த்து அளந்து கட்டப்பட்டது. கரிமவேதியியல் படித்தவர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தலாம்.

செல் சோதனைக்கு வந்தபோது என்ன செய்தார்கள் என்பதுதான் நம் கேள்விக்கு நேரான விடை. பிரையன் ட்ரூக்கர், நிக்கோலஸ் லைடன் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 32டி என்ற எலியின் மைலாய்டு செல் வரிசையை எடுத்துக்கொண்டார்கள். அதே செல்லில் பிசிஆர்-ஏபிஎல் மரபணுவைச் செலுத்திய வடிவத்தையும் செலுத்தாத வடிவத்தையும் எதிரெதிரே வைத்தார்கள். 1 மைக்ரோமோலார் செறிவில் முதலாவது இறந்தது. இரண்டாவது பாதிப்பின்றி வளர்ந்தது. வி-எஸ்ஆர்சி என்ற மற்றொரு புற்றுநோய் மரபணுவால் மாற்றப்பட்ட செல்களும் பாதிக்கப்படவில்லை. அதாவது, இந்தச் சேர்மம் புற்றுத்தன்மை கொண்ட எல்லாவற்றையும் பொதுவாகக் கொல்லவில்லை, பிசிஆர்-ஏபிஎல்-ஐ நம்பி வாழும் செல்லை மட்டுமே கொல்கிறது என்று நிலைநாட்டப்பட்டது. அதன்பின் நோயாளிகளின் செல்களுக்குப் போனார்கள். பிசிஆர்-ஏபிஎல் உள்ள செல்கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு குறைந்தன. இயல்பான செல்கூட்டங்கள் உருவாவது தடைபடவில்லை.

இங்கே திசு ஒன்று, ஊடகம் ஒன்று, பெருகும் வேகமும் பெரிதும் ஒன்று, வேறுபாடு மரபணு ஒன்றில் மட்டுமே. சிறுநீரகத்தையும் மார்பகத்தையும் ஒப்பிட்டு எடுத்த 7 என்ற எண்ணுக்கு இந்த வலிமை இல்லை. அந்த எண் 70 ஆக இருந்திருந்தாலும் இருந்திருக்காது.

இமாட்டினிப்கூடத் தனி ஓர் இலக்கை மட்டும் தொடும் மருந்து அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேஐடி, பிடிஜிஎஃப்ஆர் ஆகிய கைனேஸ்களையும் அது தடுக்கிறது. அந்தக் "கசிவு"தான் இரைப்பை-குடல் பாதையின் ஸ்ட்ரோமல் கட்டிகளுக்கு அதை மருந்தாக்கியது.

மஜ்ஜை

நான் புற்றுநோய் மருத்துவத் துறையில் இருப்பவன். நொதிவழி சொன்ன இமாட்டினிப் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் பிடித்தமானது. 1998 ஜூனில் தொடங்கிய முதல் கட்டச் சோதனையில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற, முந்தைய சிகிச்சையான இன்டர்ஃபெரான் பலனளிக்காத 54 நோயாளிகளில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை முழுமையாகச் சீரானது. முதல் கட்டத்தில் இப்படி ஒரு முடிவை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஆனாலும் அதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலான திடக்கட்டிகளில் ஒரே ஒரு புரதத்தை நம்பி நோய் நிற்பதில்லை. நாங்கள் இன்றும் நாள்தோறும் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், டாக்சோரூபிசின், பாக்லிடாக்சல் ஆகியவற்றை எந்தத் தட்டில் வைத்துப் பார்த்தாலும் பெருகிக்கொண்டிருக்கும் இயல்பான செல்களையும் கொல்லவே செய்யும். அப்படிப்பட்ட சிஸ்பிளாட்டின்தான், 1974 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின், உடலெங்கும் பரவிய விரைப் புற்றுநோயைக்கூடக் குணமாகும் நோயாக மாற்றியது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்த மருந்தை நிறைய உப்புநீர் ஏற்றிக் காப்பாற்றிக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம். மருந்தின் அளவு, இடைவெளி, துணை மருந்து என்று மருத்துவமனையில் உருவாகும் தெரிவுத்திறனும் உண்டு. அதைத் தட்டு காட்டாது.

மாறாக, தட்டு காட்டாத கேடும் உண்டு. டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கிறது. இதயத் தசைச் செல்கள் பெரும்பாலும் பெருகுவதே இல்லை என்பதால், வேகமாகப் பெருகும் செல்லை மட்டுமே மருந்து தாக்கும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போகிறது. வாழ்நாளில் மொத்தமாக எவ்வளவு கொடுக்கலாம் என்று எல்லை வைத்துத்தான் அதைக் கொடுக்கிறோம். உங்கள் சேர்மம் ஹெக்293-ஐ விட்டுவைத்தது என்பதிலிருந்து எலும்பு மஜ்ஜையைப் பற்றியோ குடலின் உட்படலத்தைப் பற்றியோ இதயத்தைப் பற்றியோ எனக்கு எதுவும் தெரியவில்லை.

இன்னொரு கேள்வி உண்டு; வேதியியல் கட்டுரைகளில் இதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. 8 மைக்ரோமோலார் என்ற செறிவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா? இமாட்டினிப் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் எடுப்பவரின் இரத்தத்தில், அடுத்த வேளைக்கு முந்தைய குறைந்தபட்ச அளவாக ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்று பார்ப்போம். அது ஏறத்தாழ 2 மைக்ரோமோலார். ட்ரூக்கர் தட்டில் வைத்த 1 மைக்ரோமோலாரோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டில் கண்டதும் உடலில் எட்டியதும் ஒரே எல்லைக்குள் அமைந்ததால்தான் அந்த மருந்து வேலை செய்தது.

கணிப்பாளர்

டாக்கிங் பற்றி யாரும் தொடவில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்லோட்டினிப் என்ற மருந்து பொருந்திய நிலையில் உள்ள ஈஜிஎஃப்ஆர் படிக அமைப்பைத் தரவு வங்கியிலிருந்து எடுத்து, எர்லோட்டினிப்பை நீக்கிவிட்டு, தங்கள் சேர்மத்தை அந்தப் பள்ளத்தில் பொருத்திப் பார்ப்பது பரவலாக நடக்கிறது. பொருத்திப் பார்த்தால் ஏதாவது ஓர் எண் வரத்தான் செய்யும். தட்டையான பெரிய மூலக்கூறுக்கு இன்னும் நல்ல எண் வரும். வழக்கமான மதிப்பீட்டுச் சார்புகள் கரிம மூலக்கூறுகளை மனத்தில் வைத்துச் செதுக்கப்பட்டவை. தாமிர மையத்தின் ஈனிப் பிணைப்பை அவை சரியாகக் கையாள்வதில்லை.

இதைவிட அடிப்படையான சிக்கல், எம்சிஎஃப்-7 ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைச் சார்ந்து வளரும் செல் என்பதும் அதில் ஈஜிஎஃப்ஆர் குறைவாகவே உள்ளது என்பதும் ஆகும். ஈஜிஎஃப்ஆர்-ஐ இலக்கு என்று சொல்லிவிட்டு, ஈஜிஎஃப்ஆர் குறைந்த செல்லில் சோதனை செய்து, செல் இறந்ததை இலக்குக்குச் சான்றாகக் காட்டினால், உண்மையில் அந்தச் சான்று எதிர்த் திசையில் பேசுகிறது. தோலியப் புற்றுநோயிலிருந்து வந்த ஏ431 செல்லில் ஈஜிஎஃப்ஆர் மிக அதிகம். அதையும் எம்சிஎஃப்-7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கேள்விக்கு ஏதேனும் பொருள் இருந்திருக்கும்.

கரிமக்குடுவை

இத்தனை விரிவான விடைகளுக்கு நன்றி. செல்தட்டு கேட்டவற்றுக்கு விவரம் வாங்கிவிட்டேன். எங்கள் சேர்மங்களோடு சேர்த்துச் சிஸ்பிளாட்டினையும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில்தான் கரைத்திருக்கிறார்கள். அணைவுச் சேர்மம் ஆழ்ந்த பச்சை நிறம். ஈனியைத் தனியாகச் சோதித்திருக்கிறார்கள், அதற்கு 100 மைக்ரோமோலார் வரை விளைவு இல்லை. பினாந்த்ரோலினையும் தாமிர உப்பையும் தனியாகச் சோதிக்கவில்லை. பெரிய நிதி எதுவும் இல்லாத நிலையில், எங்களால் செய்யக்கூடியவை எவை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

செல்தட்டு

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓ-வில் கரைக்கவே கூடாது. டிஎம்எஸ்ஓ-வின் கந்தக அணு பிளாட்டினத்தோடு பிணைந்து குளோரைடை வெளியேற்றிவிடும். குடுவையில் எஞ்சுவது சிஸ்பிளாட்டின் அல்ல, வீரியம் குன்றிய வேறொரு சேர்மம். 2014-இல் மாத்யூ ஹால் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்து, எத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கரைப்பான் பயன்பட்டிருக்கிறது என்றும் எடுத்துக்காட்டினார்கள். உப்புநீரில், குளோரைடு அயனிகள் போதிய அளவு இருக்கும்படி, புதிதாகக் கரைக்க வேண்டும். மேலும், சிஸ்பிளாட்டின் டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொண்டு, செல் பிரிய முயலும்போதுதான் அதைக் கொல்லத் தொடங்குகிறது. 24 மணி நேரத்தில் அதன் முழு விளைவு தெரியாது, 72 மணி நேரம் வேண்டும். ஆகவே "சிஸ்பிளாட்டினை விஞ்சியது" என்ற வரி இப்போதுள்ள தரவில் நிற்காது. உலோக அணைவு வேதியியல் கட்டுரைகளில் அந்த வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினால் நமக்கு வேறு வேலை நடக்காது.

நிறம். எம்டிடி என்பது மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஊதா நிற ஃபார்மசானாக ஒடுக்கும். 570 நானோமீட்டர் அளவில் அதன் ஒளி உட்கவர்தலைப் படிக்கிறோம். 1983-இல் மோஸ்மன் வகுத்த இந்த முறை செல்களை எண்ணுவதில்லை, ஒடுக்கும் திறனை அளக்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவைச் சோர்வுறச் செய்யும் சேர்மம், செல்லைக் கொல்லாமலேயே கொன்றது போலத் தோன்றும். தாமிரம் போல ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினையில் ஈடுபடும் உலோகம் எம்டிடி-யோடு நேரடியாகக் குறுக்கிடவும் கூடும். செல் இல்லாத குழிகளில் சேர்மத்தையும் எம்டிடி-யையும் மட்டும் வைத்துப் பார்க்கும் வெறுமைச் சோதனை அரை நாள் வேலை. அதோடு, செல்லின் மொத்தப் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் சல்ஃபோரோடமைன்-பி முறையை இரண்டாவதாகச் செய்யச் சொல்லுங்கள். அது மலிவானது, நொதியைச் சார்ந்ததும் அல்ல.

பினாந்த்ரோலின்தான் எனக்கு மிகப் பெரிய ஐயம். அது தனியாகவே செல்லுக்குள் புகுந்து துத்தநாகம், இரும்பு போன்றவற்றைப் பற்றிக்கொண்டு நச்சாக இயங்கும். தாமிரத்தோடு சேர்ந்த பினாந்த்ரோலின் டிஎன்ஏ-வை வெட்டும் என்பது 1979-இல் டேவிட் சிக்மன் குழுவினர் காட்டியதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த செய்தி. செல்லுக்குள் குளூட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. அது தாமிரம்(II)-ஐத் தாமிரம்(I)-ஆக ஒடுக்கும். நீங்கள் படிகத்தில் பார்த்த அந்த அழகான சதுரப் பிரமிடு வடிவம் செல்லுக்குள் எத்தனை நிமிடம் தாங்கும்? பினாந்த்ரோலின் மட்டும், தாமிரக் குளோரைடு மட்டும், இரண்டும் கலந்தது, இரண்டோடு ஈனியும் கலந்தது என நான்கு கட்டுப்பாடுகளையும் உங்கள் சேர்மத்தோடு ஒரே தட்டில் வையுங்கள். கலவையே 8 மைக்ரோமோலார் காட்டினால், நீங்கள் தயாரித்த மூலக்கூறுக்குத் தனி வேலை எதுவும் இல்லை என்று பொருள். அணைவுச் சேர்மத்தை வளர்ப்பு ஊடகத்தில் கலந்து 24, 48, 72 மணி நேரங்களில் புற ஊதா-கட்புல நிறமாலை எடுப்பது உங்கள் துறையிலேயே முடியும். அதை இன்றே தொடங்கலாம்.

இயல்பான செல்லுக்கு, மனித நுரையீரல் நார்முன்செல்லான எம்ஆர்சி-5 போன்ற ஒன்றோடு, நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்று, தன்னார்வலர் இரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்களையும் சேர்க்கலாம். வெள்ளையணுக்கள் தூண்டப்படாத வரை பெருகுவதில்லை என்பதை மறக்க வேண்டாம். பெருகாத செல்லும் மெதுவாகப் பெருகும் செல்லும், பெருகும் செல்லைத் தடுக்கும் எந்தச் சேர்மத்துக்கும் தாங்கும் திறன் உள்ளவை போலத் தோன்றும். ஹார்வர்டில் பீட்டர் சோர்கர் குழுவினர் 2016-இல் முன்வைத்த வளர்ச்சி வேகத் திருத்த அளவைகள் இதற்காகத்தான் வந்தன. மருந்து செலுத்தும் நேரத்தில் எத்தனை செல்கள் இருந்தன என்ற எண்ணிக்கையை மட்டும் கூடுதலாக எடுத்து வைத்தால் போதும், அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

செல் வரிசையின் அடையாளச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் மார்பகப் புற்றுநோய் என்று பயன்பட்ட எம்டிஏ-எம்பி-435 என்ற செல், எம்14 என்ற மெலனோமாவிலிருந்து வந்தது என்று தெரியவந்தது. மருந்துக்கு மசியாத எம்சிஎஃப்-7 என்று உலகெங்கும் போன ஒன்று மார்பகப் புற்றுநோயே அல்ல, சூலகப் புற்றுநோய்ச் செல். ஹீலா என்ற வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல் கலந்துவிட்ட செல் வரிசைகளின் பட்டியல் மிக நீளமானது. புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து நேரடியாகப் பெற்றதா, கைமாறி வந்ததா என்பதை ஆய்வகம் எழுத்தில் தர வேண்டும்.

பழைய நெறியாளர்

பயனுள்ள பட்டியல்தான். எனினும் இத்தனையும் செய்தபின் எஞ்சுவது என்ன என்றும் கேட்க வேண்டும். இவர்கள் கன்றுக்குட்டியின் தைமஸ் டிஎன்ஏ-வோடு பிணைப்பு மாறிலி எடுத்திருப்பார்கள், ஜெல்லில் பிளாஸ்மிட் வெட்டுவதையும் காட்டியிருப்பார்கள். செல் இறப்பதற்கான காரணம் டிஎன்ஏ என்று அதிலிருந்து கொள்ளலாம் அல்லவா? செயல்முறை தெரிந்துவிட்டால் தெரிவுத்திறன் பற்றிய பேச்சுக்கும் ஓர் அடித்தளம் கிடைக்கும்.

நொதிவழி

கொள்ள முடியாது, ஐயா. சோதனைக் குழாயில் ஒரு சேர்மம் எதனோடு பிணைகிறது என்பதும், செல் எதனால் இறக்கிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். மருந்து நிறுவனங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன என்பதால் கல்லூரி ஆய்வகங்களைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனிபாரிப் என்ற சேர்மம், டிஎன்ஏ பழுதைச் சரிசெய்ய உதவும் பார்ப் நொதியைத் தடுப்பது என்ற பெயரில் மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்று, 2011-இல் தோற்றது. பிறகு ஆராய்ந்தபோது, செல்லுக்குள் அது பார்ப் நொதியை உருப்படியாகத் தடுப்பதே இல்லை என்றும், சிஸ்டீன் உள்ள புரதங்களோடு வேறுபாடின்றி வினைபுரிகிறது என்றும் தெரிந்தது. அதே பார்ப் நொதியை உண்மையாகவே தடுக்கும் ஒலாபாரிப் 2014-இல் ஒப்புதல் பெற்றது. அதன் பின்னணியில் 2005-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இருந்தன. பிஆர்சிஏ மரபணு பழுதான செல்லையும் பழுதாகாத செல்லையும் எதிரெதிரே வைத்து, பழுதானது மட்டும் இறப்பதை அவை காட்டின. ட்ரூக்கர் செய்த அதே வகை ஒப்பீடு மீண்டும் வருவதைக் கவனியுங்கள்.

2019-இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜேசன் ஷெல்ட்சர் குழுவினர் இன்னும் கடுமையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். மனிதச் சோதனைக்குப் போன அல்லது அதை நெருங்கிய சில மருந்துகளை எடுத்து, அவை தாக்குவதாகச் சொல்லப்பட்ட இலக்கு மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியைக் கொண்டு செல்லிலிருந்து நீக்கினார்கள். இலக்கு இல்லாத செல்லையும் மருந்து அதே செறிவில் கொன்றது. ஓடிஎஸ்964 என்ற மருந்தின் உண்மையான இலக்கு, எல்லோரும் நம்பிய பிபிகே அல்ல, சிடிகே11 என்று கண்டார்கள். அதை எப்படி உறுதி செய்தார்கள் என்பதுதான் அழகு: மருந்துக்கு மசியாத செல்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது, சிடிகே11-இல் ஒரு சடுதிமாற்றம் இருந்தது. இமாட்டினிப்புக்கும் இதே போலத்தான் முத்திரை விழுந்தது. மருந்து பலனளிக்காமல் போன நோயாளிகளிடம் ஏபிஎல் கைனேஸில் 315-ஆம் இடத்தில் திரியோனின் ஐசோலூசினாக மாறியிருந்ததை 2001-இல் சார்ல்ஸ் சாயர்ஸ் குழுவினர் கண்டார்கள். இலக்கில் ஓர் அமினோ அமிலம் மாறி, மருந்து வேலை செய்யாமல் போனால், மருந்து அங்கேதான் வேலை செய்தது என்பதற்கு அதைவிட நேரான சான்று இல்லை.

தாமிர-பினாந்த்ரோலின் சேர்மம் ஒன்று டிஎன்ஏ, மைட்டோகாண்ட்ரியா, புரோட்டியசோம் (புரதங்களைச் சிதைக்கும் அமைப்பு) என்று பலவற்றையும் ஒருசேரத் தாக்கக்கூடியது. அது குறை என்று சொல்லவில்லை. மஜ்ஜை சொன்னபடி அப்படிப்பட்டவையும் மருந்தாகியிருக்கின்றன. ஆனால் பல இடங்களைத் தாக்கும் சேர்மத்துக்குத் தெரிவுத்திறன் என்ற சொல்லைச் சூட்டுவதற்கு முன் மிகக் கூடுதலான சான்று வேண்டும்.

பழைய நெறியாளர்

சரி, அப்படியானால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாணவருக்கு ஒரு யோசனை: அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1990 முதல் நடத்திவரும் 60 செல் வரிசைச் சோதனைக்குச் சேர்மத்தை அனுப்ப விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொண்டால் கட்டணம் இல்லை. நாங்கள் முன்பு அனுப்பியிருக்கிறோம்.

நொதிவழி

நல்ல யோசனை. அங்கே தெரிவுத்திறன் வேறொரு பொருளில் கிடைக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். அறுபதும் புற்றுநோய்ச் செல்கள்தாம். இயல்பான செல் ஒன்றும் இல்லை. இரத்தம், நுரையீரல், பெருங்குடல், மூளை, தோல், சூலகம், சிறுநீரகம், புராஸ்டேட், மார்பகம் என ஒன்பது வகைகளில் எவை மசிகின்றன, எவை தாங்குகின்றன என்ற ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறார்கள். கென்னத் பால் உருவாக்கிய கம்பேர் என்ற நிரல் அந்த ஏற்ற இறக்கத்தை ஏற்கெனவே தெரிந்த மருந்துகளின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் செயல்முறையை ஊகிக்கலாம். எதனோடும் ஒத்துப்போகாவிட்டால் புதிய வழியில் கொல்கிறது என்று கருத இடமுண்டு. பின்னாளில் போர்ட்டிசோமிப் என்ற மருந்தாகப் பெயர் பெற்ற பிஎஸ்-341 அப்படித்தான் கவனத்தை ஈர்த்தது. உங்கள் சேர்மம் அறுபதையும் ஏறத்தாழ ஒரே செறிவில் கொன்றால், அது பொது நச்சு என்று கொள்வதே நேர்மை.

கரிமக்குடுவை

நெறியாளரிடம் பேசினேன். "பினாந்த்ரோலின் இணை ஈனி கொண்ட தாமிர(II) அணைவுச் சேர்மங்கள்: தயாரிப்பு, அமைப்பு, எம்சிஎஃப்-7 செல்களின்மீது நச்சுத்தன்மை" என்று தலைப்பை மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். டாக்கிங் பகுதியை நீக்கிவிடுகிறோம். நான்கு கட்டுப்பாடுகளும் 72 மணி நேரச் சோதனையும் முடிந்த பிறகே அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது. ஊடகத்தில் நிறமாலை எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு சிறிய ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. ஈனிக்கு 100 மைக்ரோமோலார் வரை பாதிக்குப் பாதி செல்கள் இறக்கவில்லை. மென்பொருள் வளைவை நீட்டி 340 என்று ஓர் எண்ணைத் தந்திருக்கிறது. எம்ஆர்சி-5 செல்லிலும் இப்படி வந்தால் அந்த எண்ணைக் குறியீட்டுக்குப் பயன்படுத்தலாமா?

செல்தட்டு

கூடாது. சோதித்த அதிகபட்சச் செறிவுக்கு அப்பால் வளைவு எப்படிப் போகும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. "100-க்கு மேல்" என்றே அட்டவணையில் எழுதுங்கள். குறியீட்டையும் "இத்தனைக்கு மேல்" என்று எழுதுங்கள். அதற்கு முன், 100 மைக்ரோமோலாரில் சேர்மம் ஊடகத்தில் உண்மையிலேயே கரைந்திருந்ததா என்று நுண்ணோக்கியில் குழியின் அடியைப் பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் படிந்திருந்தால் அந்தச் செறிவு தாளில் மட்டுமே இருக்கிறது, கரைந்த அளவுவரை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். டிஎம்எஸ்ஓ-வின் அளவு எல்லாக் குழிகளிலும் ஒன்றாக, 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஒரே நாளில் ஒரே தட்டில் வைத்த மூன்று குழிகளை மூன்று சோதனைகள் என்று எழுதாதீர்கள்; வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வளர்ப்புக் குடுவைகளிலிருந்து எடுத்த செல்களில் செய்தவைதான் தனித்தனிச் சோதனைகளாக எண்ணப்படும். வெளி ஆய்வகத்துக்குக் கொடுக்கும் வேலை ஆணையிலேயே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு கேட்டால் தனிக் கட்டணம் போடுவார்கள்.